மிதவாமலும் அமிழாமலும்: மலை நீர்த்தேக்கங்களில் முக்குளிப்போரின் சமநிலை

தேக்கடி ஏரியில் படகேறிச் செல்வோருக்கு யானைக் கூட்டம் தென்படுகிறதோ இல்லையோ, நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும் பட்ட மரங்கள் தவறாமல் தென்படும். பெரியாற்றின் குறுக்கே ஜான் பென்னிகுவிக் எழுப்பிய அணை 1895-ஆம் ஆண்டில் நிறைவெய்தியபோது, பள்ளத்தாக்கில் நின்ற காடு நீருக்குள் ஆழ்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் அம்மரங்களின் அடிப்பகுதிகள் மண்ணில் ஊன்றியபடியே நிற்கின்றன. அவற்றைச் சுற்றிலும், மழைக்காலந்தோறும் மலையிலிருந்து அடித்து வரப்படும் மென்மையான வண்டல் படிந்துள்ளது. நீருக்குள் இறங்கும் ஒருவரின் கால் அவ்வண்டலில் ஒருமுறை பட்டால் போதும். புகை போல அது கிளம்பி, தம் கையையே தாம் காண முடியாத இருளை உண்டாக்கிவிடும்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு இவ்வேரியில் கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். நீரில் மூழ்கியவர்களைத் தேடும் பணிக்காகக் கொச்சியிலிருந்து கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் வரவழைக்கப்பட்டனர். கரையில் உறவினர் காத்திருக்க, நீரின் அடியில் நடைபெறும் இத்தகைய தேடலில் முக்குளிப்பவரின் முதல் தேவை உடல் வலிமை என்று பலர் எண்ணக்கூடும். நீருக்குள் மேலெழாமலும் கீழிறங்காமலும், தாம் விரும்பிய ஆழத்தில் விரும்பிய நேரம் வரை நிலைத்து நிற்கும் ஆற்றலே அவருக்கு அதனினும் இன்றியமையாதது. அவ்வாற்றல் இல்லாதவர் அடியில் இறங்கினால் வண்டலைக் கிளப்புவார். சற்று மேலே எழுந்தால் தேடும் இடத்தைத் தவற விடுவார். கட்டுப்பாடின்றி மேற்பரப்புக்கு விரைந்தால் தம் உயிருக்கே ஊறு தேடிக்கொள்வார்.

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்கும் மலைகளில் இத்தகைய நீர்த்தேக்கங்கள் பல உள்ளன. மலம்புழை, பரம்பிக்குளம், தேக்கடி, மாட்டுப்பெட்டி ஆகியவை அவற்றுட் சில. இங்கே மூழ்குவோர் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக மூழ்குவோர் அல்லர். தீயணைப்புத் துறையினர், கடற்படையினர், அணைகளின் நீர்ப்பக்கச் சுவர்களையும் மதகுகளையும் பார்வையிடுவோர் எனக் கடமையின் பொருட்டு மூழ்குவோரே. அவர்களில் பலர் கடலிலோ நீச்சல் குளத்திலோ பயின்றவர்கள். கடலில் கற்றுக்கொண்ட சமநிலை மலைமேல் உள்ள நன்னீரில் அப்படியே பயன்படுவதில்லை. ஏன் பயன்படுவதில்லை, அதை எவ்வாறு திருத்திக்கொள்வது என்பதை இங்கு ஆராய்வோம்.

எடையும் மிதப்பும்

கிணற்றில் நீர் இறைத்தவர்கள் அனைவரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. நிறைந்த வாளி நீருக்குள் இருக்கும் வரை கயிறு இலேசாகவே இருக்கிறது. வாளி நீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததும் அதன் முழு எடையும் கையில் உறைக்கிறது. நீருக்குள் இருந்தபோது அந்த எடையைத் தாங்கியது யார்? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் இதற்கு விடை கண்டார். நீருக்குள் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. பொருளின் எடை இவ்விசையை விட மிகுதியானால் பொருள் அமிழும், குறைவானால் மிதக்கும், இரண்டும் சமமானால் இருந்த இடத்திலேயே நிற்கும்.

முக்குளிப்பவர் நாடுவது இம்மூன்றாவது நிலையையே. இது கல்லுக்கோ கட்டைக்கோ கிட்டாத நிலை. மீன்களுக்கு மட்டும் இயற்கை இதை எளிதாக அருளியிருக்கிறது. நம் நீர்த்தேக்கங்களில் வளரும் கெண்டை இன மீன்களின் வயிற்றினுள் காற்றுப்பை ஒன்று உண்டு. அதில் உள்ள வாயுவைத் தேவைக்கேற்ப மாற்றி, துடுப்பை அசைக்காமலே அவை நடுநீரில் நிற்கின்றன. மனிதருக்கு அத்தகைய பை இல்லை. ஆயினும், அவரும் அவர் அணிந்த கருவிகளும் சேர்ந்து, நான்கு இடங்களில் காற்றைச் சுமந்து செல்கின்றன. அந்நான்கையும் அறிந்தவர் மீனுக்கு ஓரளவு நெருங்கி வருகிறார்.

முதலாவது, முதுகில் உள்ள சிலிண்டர். காற்றுக்கு எடை இல்லை என்று நாம் பேச்சு வழக்கில் சொல்கிறோம். ஆனால் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம் எடையுள்ளது. 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்று, வெளியே விரிந்தால் 2,200 லிட்டராகும். அதன் எடை இரண்டரைக் கிலோகிராமுக்கு மேல். மூழ்கியிருக்கும்போது இக்காற்றின் பெரும்பகுதி மூச்சாகச் செலவாகி, குமிழியாக வெளியேறி விடுகிறது. ஆகவே நீரில் இறங்கும்போது இருந்ததை விட வெளிவரும்போது முக்குளிப்பவர் சுமார் 2 கிலோகிராம் இலேசாகி விடுகிறார். தொடக்கத்தில் சரியாக நின்றவர் இறுதியில் தம்மை அறியாமல் மேலெழுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, உடை. குளிர் தாங்குவதற்காக அணியப்படும் நியோப்ரீன் உடை, நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த நுரை ரப்பரால் ஆனது. மேற்பரப்பில் அது நன்கு மிதக்கும். ஆழம் செல்லச் செல்ல நீரின் அழுத்தத்தால் குமிழ்கள் சுருங்கி, உடை மெலிந்து, மிதப்பு குறைகிறது. மூன்றாவது, மிதவைச் சட்டை. இது பிரான்சில் 1960-களின் தொடக்கத்தில் ஃபென்சி என்பவர் வடிவமைத்த காற்றடைக்கும் மேற்சட்டையின் வழித்தோன்றல். குஸ்தோ, காஞ்யான் ஆகிய இருவரும் 1943-ஆம் ஆண்டில் தங்கள் மூச்சுக்கருவியை உருவாக்கிய காலத்தில் இத்தகைய சட்டை இல்லை. அன்று மூழ்கியவர்கள் ஈயக் கட்டிகளையும் தம் நுரையீரலையும் மட்டுமே நம்பினர். நான்காவது அந்நுரையீரலே. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

நிலையற்ற சமநிலை

இந்நான்கிலும் உள்ள காற்று ஒரு பொது விதிக்கு உட்பட்டது. வெப்பம் மாறாத நிலையில், வாயுவின் மீதுள்ள அழுத்தம் இரு மடங்கானால் அதன் கன அளவு பாதியாகும் என்று 1662-ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் அறிவித்தார். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு.

இதிலிருந்து விளையும் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். சட்டையில் சிறிது காற்றுடன் ஒருவர் 10 மீட்டர் ஆழத்தில் சமநிலையில் நிற்பதாகக் கொள்வோம். ஏதோ காரணத்தால் அவர் ஒரு சாண் மேலே எழுகிறார். அழுத்தம் சற்றே குறைகிறது. காற்று சற்றே விரிகிறது. மிதப்பு சற்றே கூடுகிறது. அதனால் இன்னும் மேலே எழுகிறார். காற்று இன்னும் விரிகிறது. கீழே இறங்கத் தொடங்கினாலும் இதே கதைதான், எதிர்த் திசையில். இது கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டு போன்ற நிலை அன்று. கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் வைத்த கோலிக்குண்டு போன்ற நிலை. சமநிலை தானே திரும்பி வருவதில்லை. இடைவிடாது சிறு திருத்தங்கள் செய்து அதைக் காப்பாற்ற வேண்டும்.

காற்று எவ்வளவு மிகுதியாக இருக்கிறதோ அவ்வளவு மிகுதியாக இக்கோலிக்குண்டு உருளும். இதைப் பயிற்சி பெறுவோர் உள்ளத்தில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். இறங்க முடியாமல் திண்டாடும் புதியவருக்கு மேலும் இரண்டு ஈயக் கட்டிகளை இடுப்பில் கட்டி அனுப்பிவிடுவது எங்கும் காணப்படும் வழக்கம். அன்றைய சிரமம் அத்துடன் தீர்கிறது. ஆனால் அந்த மிகை ஈயத்தைத் தாங்குவதற்காக அவர் சட்டையில் மிகைக் காற்றை நிரப்ப வேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னர் நேரும் தொல்லைகள் அனைத்தும் அந்த மிகைக் காற்றில் குடியிருக்கின்றன. இவ்வழக்கத்தைப் பயிற்சி என்று அழைப்பதற்கு இக்கட்டுரையாளருக்கு மனம் ஒப்பவில்லை.

கடல் நீரிலிருந்து நன்னீருக்கு

ஒரு லிட்டர் கடல் நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிராம்; ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1,000 கிராம். இச்சிறு வேறுபாட்டைப் புறக்கணிக்கலாகாது. கருவிகள் அனைத்தும் சேர்ந்து 100 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் கொச்சிக் கடலில் சரியான சமநிலையில் நிற்கிறார் எனில், அவர் விலக்கும் கடல் நீரின் எடையும் 100 கிலோகிராம். அதே மனிதர் அதே கருவிகளுடன் மலம்புழை நீர்த்தேக்கத்தில் இறங்கினால், அவர் விலக்கும் நீரின் எடை ஏறத்தாழ 97.5 கிலோகிராம் மட்டுமே. எஞ்சிய இரண்டரைக் கிலோகிராம் அவரைக் கீழே இழுக்கும்.

அவர் ஈயத்தைக் குறைக்காமல், சட்டையில் இரண்டரை லிட்டர் காற்றை நிரப்பி ஈடு செய்வதாகக் கொள்வோம். தேக்கடி ஏரியில் 9 மீட்டர் ஆழத்திலிருந்து 6 மீட்டருக்கு அவர் எழும்போது, அந்த இரண்டரை லிட்டர் ஏறத்தாழ 3 லிட்டராகிறது. அதாவது அரைக் கிலோகிராம் விசை அவரை மேல்நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. சட்டையில் மிகைக் காற்று இல்லாதவருக்கு இத்தொல்லை மிகக் குறைவு. ஆதலின் கடலிலிருந்து நன்னீருக்கு வருபவர் முதலில் செய்ய வேண்டியது ஈயத்தை எடுத்துக் கீழே வைப்பதே.

எவ்வளவு எடுப்பது? கணக்கு ஒரு மதிப்பீட்டையே தரும். நீரில் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். சோதனை எளிது. அன்று அணியப்போகும் உடை, கருவிகள் அனைத்துடனும் கரையோரத்தில், கால் எட்டாத ஆழத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். மிதவைச் சட்டையில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, இயல்பாக மூச்சை உள்ளிழுத்து ஒரு கணம் நிறுத்த வேண்டும். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நின்றால் எடை சரி. பின்னர் மூச்சை வெளிவிட்டதும் மெல்லக் கீழிறங்க வேண்டும். கல் போல விழுந்தால் ஈயம் மிகை. நெற்றி நீருக்கு மேலேயே நின்றால் ஈயம் குறை. இச்சோதனையைச் சிலிண்டரில் காற்றுக் குறைந்திருக்கும் நிலையில் செய்வதே முறை. நிறைந்த சிலிண்டருடன் செய்தால், செலவாகப் போகும் காற்றுக்காக ஏறத்தாழ 2 கிலோகிராம் ஈயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன சிலிண்டர்க் கணக்கின் பயன் இங்கே விளங்கும். சிலிண்டர் அலுமினியத்தால் ஆனதா எஃகினால் ஆனதா என்பதும் முக்கியம். வழக்கமான அலுமினிய சிலிண்டர் காற்றுத் தீர்ந்தபின் தானே மிதக்கத் தொடங்கும். எஃகு சிலிண்டர் பெரும்பாலும் அவ்வாறு மிதப்பதில்லை.

தேர்ந்த முக்குளிப்பாளர் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருப்பார். எந்த நீர், எந்த உடை, எந்தச் சிலிண்டர், எத்தனை கிலோகிராம் ஈயம், முடிவில் எப்படி நின்றது என்று ஒவ்வொரு முறையும் அதில் குறித்துக்கொள்வார். மாட்டுப்பெட்டியின் குளிர்ந்த நீருக்காகத் தடித்த உடை அணிய நேர்ந்தால், அவ்வுடையின் மிதப்பு, நன்னீரால் குறைத்த ஈயத்தில் ஒரு பகுதியை மீண்டும் கேட்கும். இத்தகைய ஏற்றக்குறைவுகளை நினைவில் வைத்துக்கொள்வது அரிது. அவசர அழைப்பு வந்து நள்ளிரவில் மலையேறும் குழுவுக்குக் குறிப்பேடு பெருந்துணையாகும்.

மலையின் உயரம் செய்யும் மாற்றம்

மலம்புழை நீர்த்தேக்கம் கடல் மட்டத்திற்கு நூறு மீட்டரளவே மேலுள்ளது. அங்கு நன்னீர்க் கணக்கு ஒன்றே போதும். பரம்பிக்குளம் ஐந்நூறு மீட்டரைத் தாண்டியது. தேக்கடி ஏறத்தாழ 870 மீட்டர். மூணாற்றுக்கு அருகிலுள்ள மாட்டுப்பெட்டி ஏறத்தாழ 1,600 மீட்டர். உயரம் கூடக்கூட நம் தலைக்கு மேலுள்ள காற்றின் பாரம் குறைகிறது. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தை ஒன்று எனக் கொண்டால், தேக்கடியில் அது ஏறத்தாழ 0.90, மாட்டுப்பெட்டியில் ஏறத்தாழ 0.82.

நீர் விலக்கும் எடையை இது மாற்றாது; ஆர்க்கிமிடீஸின் விதி மலைமேலும் அதுவே. மாறுவது காற்று விரியும் விகிதம். கடல் மட்டத்திலுள்ள ஒரு நன்னீர்க் குளத்தில் அழுத்தம் இரு மடங்காவதற்கு 10.3 மீட்டர் இறங்க வேண்டும். தேக்கடியில் 9.3 மீட்டரிலேயே அது இரு மடங்காகி விடுகிறது, மாட்டுப்பெட்டியில் 8.5 மீட்டரில். இதை மறுபுறமாகச் சொன்னால், கடைசிச் சில மீட்டர்களில் மேலெழும்போது காற்று கடலில் விரிவதை விட வேகமாக விரிகிறது. கோலிக்குண்டு வைத்த கிண்ணத்தின் முதுகு இங்கே இன்னும் சரிவானது. நியோப்ரீன் உடையும் மேற்பரப்பில் சற்றுப் பருத்தே இருக்கும். தேக்கடியில் அதன் குமிழ்கள் கொச்சியில் இருந்ததை விடப் பத்தில் ஒரு பங்களவு பெரியவை.

ஆழமானியும் ஏமாற்றக்கூடும். கடல் மட்டத்தில் பூச்சியம் காட்டுமாறு அமைத்து மூடப்பட்ட பழைய வகை முள் ஆழமானி, தேக்கடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கும் வரை அசையாது. அதன்பின் உண்மை ஆழத்தை விடக் குறைவாகவே காட்டும். இன்று வழங்கும் மின்னணுக் கணிப்பொறிகள் பல, காற்றழுத்தத்தை அளந்து இப்பிழையைத் தாமே திருத்திக்கொள்கின்றன. எனினும், கையிலுள்ள கருவி எவ்வகையினது என்பதை நீரில் இறங்குமுன் அறிந்திருக்க வேண்டும்.

மூச்சு என்னும் நுண்ணிய சுக்கான்

ஈயம் சரியாக அமைந்தபின், மிதவைச் சட்டையைத் தொடும் தேவை மிகக் குறைந்துவிடுகிறது. எஞ்சிய திருத்தங்களை நுரையீரலே செய்யும். இயல்பான ஒரு மூச்சில் நாம் உள்ளிழுப்பது சுமார் அரை லிட்டர். சற்று ஆழ்ந்து இழுத்தால் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் கூடும். ஒரு லிட்டர் காற்று கூடினால் ஒரு கிலோகிராம் மிதப்பு கூடும். இவ்வளவு பெரிய விசையை, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், மார்பை விரிப்பதாலும் சுருக்குவதாலும் பெறுகிறோம்.

புதியவர்கள் இங்கே தவறுவது காலத்தாழ்வைக் கணிப்பதில். மூச்சை இழுத்தவுடன் உடல் எழுவதில்லை. நூறு கிலோகிராம் பொருளை ஒரு கிலோகிராம் விசை அசைப்பதற்குச் சில நொடிகள் பிடிக்கும். பொறுமையற்றவர் அதற்குள் சட்டையிலும் காற்றை ஏற்றிவிடுகிறார். பின்னர் இரண்டும் சேர்ந்து அவரைத் தூக்குகின்றன. அச்சத்தால் அவர் எல்லாக் காற்றையும் வெளியேற்றுகிறார், வண்டலில் விழுகிறார். ஏரியின் அடியில் நிகழும் இந்த ஏற்ற இறக்க நாடகத்தில் காற்றும் வீணாகிறது, பார்வையும் மறைகிறது. மூச்சை இழு, காத்திரு, பார், பின்னர் மாற்று என்பதே பயிற்சியின் வரிசை.

மூச்சால் ஆளுதல் வேறு. மூச்சை அடக்குதல் வேறு. இரண்டாவது ஆபத்தானது. இவ்விடத்தில் வாசகருக்கு நியாயமான ஓர் ஐயம் எழலாம். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்த நம் முன்னோர் மூச்சை அடக்கியே மூழ்கவில்லையா? மூழ்கினர். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலூன்றி விரைந்து இறங்கி, அடியில் கல்லை விட்டுவிட்டுச் சிப்பிகளைச் சேகரித்தனர். படகில் இருந்தவர் கல்லை மேலே இழுத்துக்கொண்டார். இறங்குவதற்கு மட்டும் எடை, வேலை செய்யும்போதும் ஏறும்போதும் அவ்வெடை இல்லை என்னும் இவ்வேற்பாடு, சமநிலைச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட அழகிய தீர்வு. அவர்கள் நுரையீரலில் இருந்ததோ மேற்பரப்பில் இழுத்த காற்று. ஆழத்தில் அது சுருங்கியது. மேலே வந்ததும் பழைய அளவுக்கே விரிந்தது. அதனால் நுரையீரலுக்குத் தீங்கில்லை.

சிலிண்டருடன் மூழ்குபவரின் நிலை வேறு. அவர் ஆழத்தில், அவ்வாழத்தின் அழுத்தத்திலேயே காற்றைச் சுவாசிக்கிறார். 9 மீட்டரில் நுரையீரலை நிறைத்துக்கொண்டு மூச்சை அடக்கியபடி தேக்கடியின் மேற்பரப்புக்கு அவர் எழுந்தால், அக்காற்று இரு மடங்காக முயலும். அதற்கு நுரையீரலில் இடமில்லை. நுண்ணறைகள் கிழிந்து, காற்றுக் குமிழ்கள் குருதியில் கலந்து மூளையை அடையக்கூடும். இதற்குப் பெரும் ஆழம் தேவையில்லை. நிறைந்த நுரையீரலுடன் ஒன்றிரண்டு மீட்டர் உயர்வதே போதும் என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. ஆகவே மூச்சின் ஓட்டம் ஒருபோதும் நிற்கலாகாது. மேலே நிற்க விரும்புபவர் நுரையீரலைச் சற்று நிறைந்த நிலையில் வைத்துச் சுவாசிப்பார். கீழே இறங்க விரும்புபவர் சற்றுக் குறைந்த நிலையில் வைத்துச் சுவாசிப்பார். இருவரும் இடைவிடாது சுவாசிப்பர்.

வண்டலைத் தொடாமல் தேடுதல்

இனி, ஏரியின் அடியில் தேடுபவரைக் கவனிப்போம். ஓரிடத்தில் நங்கூரமிட்ட கயிற்றைப் பற்றி வட்டமாகவோ, இரு முனைகளுக்கு இடையே கட்டிய கயிற்றின் வழியாகவோ அவர் நகர்கிறார். அடிமட்டத்துக்கு ஒரு முழம் மேலே அவர் உடல் கிடைமட்டமாக நிற்க வேண்டும். இடுப்பில் ஈயம் முழுவதையும் கட்டியவருக்குக் கால்கள் தாழ்ந்துவிடும். ஒவ்வொரு உதையும் வண்டலைக் கிளப்பும். ஈயத்தில் ஒரு பகுதியைச் சிலிண்டரின் மேற்பகுதிக்கோ மார்புப் பக்கத்துக்கோ மாற்றினால் உடல் சமனாகும். கால்களை மேலும் கீழுமாக உதைக்காமல், முழங்காலை மடக்கித் தவளை போல் பக்கவாட்டில் உதைத்தால் நீரோட்டம் பின்னோக்கிச் செல்லும், அடியைத் தொடாது. வரிசையில் பின்னால் வருபவருக்கும், அடுத்த முறை இறங்குபவருக்கும் இது செய்யும் உதவி பெரிது. ஒருவர் கிளப்பிய வண்டல் படிவதற்கு வெகுநேரம் ஆகும். அதுவரை அவ்விடத்தில் தேடல் தடைப்படும்.

பட்ட மரங்கள் உள்ள இடத்தில் மற்றோர் இடரும் உண்டு. கிளைகளிலும், அவற்றில் சிக்கிய தூண்டில் நரம்புகளிலும் குழாய்கள் மாட்டிக்கொள்ளலாம். சமநிலையில் நிற்பவர் அசையாமல் நின்று, பின்வாங்கி, தம்மை விடுவித்துக்கொள்வார். சமநிலை இல்லாதவர் மேலெழும்போதே சிக்கலை இறுக்குவார்.

கனமான பொருள் ஒன்று அகப்பட்டால், அதைக் கையில் பற்றிக்கொண்டு தம் மிதவைச் சட்டையில் காற்றேற்றி எழுவது இயல்பாகத் தோன்றும் வழி. அதைச் செய்யலாகாது. 10 கிலோகிராம் பொருளை அவ்வாறு தூக்கி வருபவரின் கை இடையில் நழுவினால், அவர் சட்டையில் 10 கிலோகிராம் தூக்குவிசை எஞ்சி நிற்கும்; வெடித்த பட்டாசு போல் அவர் மேற்பரப்புக்குப் பாய்வார். பொருளோடு தனியே கட்டிய தூக்குப் பையில் காற்றை நிரப்பி, அல்லது படகிலிருந்து கயிறு இறக்கி, அதைத் தனியே எழுப்புவதே முறை.

இவற்றுக்கான பயிற்சியை அபாயமற்ற இடத்தில், இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள தெளிந்த குளத்தில் தொடங்கலாம். முதலில் குப்புறப் படுத்து, காற்துடுப்பின் நுனி மட்டும் தரையில் பட, மூச்சிழுக்கும்போது மார்பு எழவும் விடும்போது தாழவும் பழக வேண்டும். அடுத்து, தரையைத் தொடாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கைகளை அசைக்கக் கூடாது. பின்னர் கண்ணாடியை மூடி, ஆழத்தைக் காதில் உணரும் அழுத்தத்தாலும் மூச்சாலும் மட்டுமே அறிந்து நிற்கப் பழக வேண்டும். தெளிந்த நீரில் கண்ணை மூடி நிற்க முடியாதவரை, கலங்கிய ஏரியில் இறக்குவது பொறுப்பாகாது.

மேலேறும் வேளை

ஆழத்தில் இருக்கும்போது குருதியிலும் தசைகளிலும் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. மெல்ல ஏறினால் அது மூச்சின் வழியே வெளியேறும். விரைந்து ஏறினால் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழ்களாகி, மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கும். எனவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரளவில் சில நிமிடங்கள் நிற்பது வழக்கம். சிலிண்டர் காலியாகி, உடல் இலேசாகி, காற்று மிக வேகமாக விரியும் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கரையோரத்தில் செய்த எடைச் சோதனையின் முழுப் பயனும் இந்தச் சில நிமிடங்களில் கிடைக்கிறது.

மலைமேல் இக்கணக்கு இன்னும் கடுமையானது. வெளியே வந்ததும் முக்குளிப்பவர் சேர்வது கடல் மட்டத்தை விடக் குறைந்த அழுத்தமுள்ள காற்றில். ஆதலால் தேக்கடியில் 18 மீட்டர் ஆழத்தில் மூழ்கியவர், கடலுக்கென வகுத்த அட்டவணையில் 20 மீட்டர் என்றே வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு. கொச்சியிலிருந்து அன்றே ஏறி வந்தவரின் உடலில், கடல் மட்டத்துக்குரிய நைட்ரஜன் இன்னும் மிஞ்சியிருக்கும். அது புதிய உயரத்துக்குச் சமனாக ஏறத்தாழ 12 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் இறங்க நேர்ந்தால், ஏற்கெனவே ஒருமுறை மூழ்கி வந்தவராகவே அவரைக் கருத வேண்டும்.

பணி முடிந்தபின் செல்லும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் சாலையில் காற்றழுத்தம் கூடுகிறது, அதனால் கேடில்லை. மூணாற்றை நோக்கிச் சென்றால் ஏற்றம். கொச்சிக்குத் திரும்புவோர் தாம் கீழ்நோக்கியே செல்வதாக எண்ணிவிடலாம். ஆனால் வண்டிப்பெரியாற்றைக் கடந்து, பீருமேடு வழியாகக் குட்டிக்கானம் வரை சாலை ஏறி, ஆயிரம் மீட்டரைத் தாண்டிய பின்னரே முண்டக்கயத்தை நோக்கி இறங்குகிறது. நீரிலிருந்து வெளிவந்த குழு, ஈர உடையைக் களைந்தவுடன் வண்டியில் ஏறாமல், அட்டவணை கூறும் நேரம் கழியும் வரை குமுளியிலேயே தங்கிப் புறப்பட வேண்டும்.